கடைசி வரியிலிருந்து படிப்பவர்

ஆய்வேடு ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் தலைப்பைப் பார்ப்பார்கள். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மின்களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நன்றியுரையைத்தான் தேடிப் புரட்டுவார். அதையும் கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறி ஏறிப் படிப்பார். முதல் வரிக்கு வருவதற்குள் பெரும்பாலும் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்கும், ஏட்டை மூடிவிடுவார்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே ஓரிடத்தில் அச்சாகியிருக்கிறது. தேடத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும். தேடத் தெரியாதவர்களை அவருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. காஞ்சிபுரத்தின் விளிம்பில் இருந்த எங்கள் பல்கலைக்கழகம், அதுவரை அலமாரிகளில் தூசி தின்றுகொண்டிருந்த ஆய்வேடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு நூலகத்து மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அறையில் ஏசி உண்டு. அது சர்வருக்காகப் போட்ட ஏசி, மனுஷருக்காக இல்லை. அதனால் சித்திரை வெயிலிலும் அக்கா தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தபடி உட்கார்ந்திருப்பார். சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்துப் பெண். நூலக அறிவியல் படித்தவர். ஒப்பந்த ஊழியர். என்னைவிடச் சில வருடங்கள் மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் பேச்சில் மட்டும் துணைவேந்தர் தோற்றார்.

வெயிலுக்கு ஒதுங்கி அந்த அறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை வாசலிலேயே கேட்பார்: "ஏசிக்கு வந்தேளா, ஏட்டுக்கு வந்தேளா? ஏசிக்குன்னா ஓரமா உக்காருங்கோ. ஏட்டுக்குன்னா கிட்ட வாங்கோ."

ஏட்டுக்கு வந்தவர்கள் செய்வதைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வரும். தேடும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டுவார்கள். ஒன்றும் வராது. "நம்ம யுனிவர்சிட்டியில இந்த டாபிக்ல எதுவுமே இல்ல மேடம்" என்று எழுந்துவிடுவார்கள்.

"வாசல்ல நின்னு ஒரு தடவ கூப்பிட்டுட்டு ஆத்துல யாரும் இல்லேன்னு போறேளே" என்பார் அக்கா. "உள்ள வந்து பாருங்கோ. கைடு பேரைப் போட்டுத் தேடுங்கோ. ஒரே கைடுகிட்ட பண்ணினவா எல்லாம் ஒரு ஆத்துப் பசங்க மாதிரி. ஒருத்தன் பாதியில விட்டதை அடுத்தவன் எடுத்திருப்பான். அப்பறம் கடைசியில துணைநூல் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கோ. அதுக்கும் மேல நன்றியுரை. அங்கதான் மனுஷா இருக்கா."

நன்றியுரை என்பது நம்மூரில் எப்படி எழுதப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் காமாட்சியம்மனுக்கோ வரதருக்கோ நன்றி. பிறகு நிறுவனருக்கு, துணைவேந்தருக்கு, பதிவாளருக்கு, துறைத்தலைவருக்கு, நெறியாளருக்கு, அவர் மனைவிக்கு. "சாமிக்கு நன்றி சொன்னா நல்லதுதான்" என்பார் அக்கா. "ஆனா சந்தேகம் கேக்கணும்னா சாமி போன் எடுக்க மாட்டாரே. கீழ வேற யார் இருக்கான்னு பாரு."

ஒருமுறை ஊரில் ஜரிகை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்திலிருந்து ஒரு வணிகவியல் மாணவர் வந்திருந்தார். பழைய கடைத்தெரு வியாபாரம் பற்றி எதைத் தட்டியும் ஒன்றும் வரவில்லை என்றார். அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். துறை வாரியாகப் போனார், நெறியாளர் வாரியாகப் போனார், சம்பந்தமே இல்லாதது போலத் தெரிந்த ஓர் ஆய்வேட்டைத் திறந்தார். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. நேராக நன்றியுரைக்குப் போய்க் கடைசி வரியைக் காட்டினார். "பல மாலைகள் கடையை மூடிவிட்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்த" என்று தொடங்கி ஒரு பெரியவரின் பேரும் தெருவும் இருந்தன.

மாணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க தாதா மேடம்" என்றார். தாத்தா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இப்படி ஒருவர் வந்து பேசியதோ, புத்தகத்தில் நன்றி எழுதியதோ வீட்டில் யாருக்கும் தெரியாது.

அக்கா அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தார். "அம்மாகிட்ட காட்டுங்கோ" என்றார். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழம் வந்தது. விவரமானவர்கள், பிரியாணி அனுப்பவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா சொன்னதை நான் முதன்முதலாகக் கவனித்தேன். "வேடிக்கையைப் பாரு. இத்தனை பேர் நன்றி எழுதியிருக்கா. ஒண்ணுகூட உரியவாளுக்குப் போய்ச் சேரலை. எழுதினவன் பட்டம் வாங்கிண்டு போயிட்டான், ஏடு அலமாரிக்குள்ள போயிடுத்து. யாருக்குச் சொன்னானோ அவாளுக்குத் தெரியவே தெரியாது. இது நன்றியா? தபால் பெட்டியில போடாத கடுதாசி."

அதற்குப் பிறகு அது அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஸ்கேன் செய்யும் ஏட்டின் நன்றியுரையில் பக்கத்து ஊர்ப் பேர் ஏதாவது தென்பட்டால் ஒரு பக்கம் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்வார். டவுன் பஸ்ஸில் போகும்போது இறங்கிக் கொடுத்துவிட்டு வருவார். டீக்கடைக்காரர், தறி வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற தலையாரி என்று யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார். நூலகத்தில் சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். "தபால் துறையில சேந்திருக்கலாம் நீங்க" என்றார்கள். அவர் வீட்டில் அப்பாவுக்கும் இது பிடிக்காது. மேற்படிப்புப் படித்த பெண் காகிதத்தை மெஷினில் வைத்து எடுத்துக்கொண்டிருப்பதே அவருக்குக் குறை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தாலே, "போதும், விட்டுடு" என்பாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு மற்ற சிரிப்புகளைப் போல இருக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன். அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதைச் சொல்ல அது வேண்டும்.

என் வீடு செவிலிமேட்டில். பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் திறந்த கிணறுகளின் நீர்மட்டம் எப்படி இறங்கியிருக்கிறது என்பது என் எம்.ஃபில். ஆய்வு. பங்குனி முடிவதற்குள் ஏட்டைக் கொடுத்தாக வேண்டும், அதோடு என் பதிவுக்காலம் முடிகிறது. ஒரு மகளிர் கல்லூரியில் பட்டத்தோடு வந்தால் வேலை தருகிறேன் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்கு. இன்னொரு தலைப்பு, இன்னும் சில வருடம் என்றால் எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு அடுப்படியில் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைய நீர்மட்டத்தை நான் அளந்துவிடலாம். பழைய மட்டத்துக்கு எங்கே போவது? களஞ்சியத்தில்தான் அது கிடைத்தது. போர் போடும் பழக்கம் பரவுவதற்கு முன்னால் ஒருவர் அதே பக்கத்தில் கிணறு கிணறாக அளந்து மாதவாரியாக எழுதியிருந்தார். தங்கப் புதையல்தான். ஒரே ஒரு குறை. கிணறுகளுக்கு எண் மட்டும் இருந்தது, இடம் இல்லை. இடம் காட்டும் வரைபடம் ஏட்டின் கடைசியில் மடித்து ஒட்டியிருந்தது. பழைய நீலப்படி, புளூபிரிண்ட் என்பார்களே அது, கோடு தெரியாமல் கறுத்துவிட்டது. ஸ்கேனிலும் கறுப்பு, அலமாரியிலிருந்த மூலத்திலும் கறுப்பு. எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை.

என் நெறியாளர் நல்லவர், ஆனால் இதமாகப் பேசத் தெரியாதவர். "கிணறு எங்க இருக்குதுன்னு தெரியாம அளவ மட்டும் வச்சுக்கினு என்னமா பண்ணுவ? ஒப்பீடு இல்லன்னா இது பாஸ் ஆகாது" என்றார்.

நான் மாடிக்கு ஓடினேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "நன்றியுரையைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. உடனே பார்த்தேன். எல்லோரையும் போல மேலிருந்துதான் படித்தேன். பல்கலைக்கழகத்து ஆட்கள் எல்லோரும் முடிந்த பிறகு, ஊர்க்காரர்களில் முதலாவதாக, ஓரிக்கைப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் பேர் இருந்தது. "களப்பணிக்கு வேண்டிய அனைத்து உதவிகளையும் செய்து கொடுத்த" என்று போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கெடைச்சிடுச்சுக்கா!" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நில்லு, கீழயும் படி" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நிற்கிற நிலையில் நான் இல்லை.

ஓரிக்கைப் பெரியவர் உபசாரத்தில் குறை வைக்கவில்லை. காப்பி கொடுத்தார். பழைய காலத்தில் ஆற்றில் தண்ணீர் போன அழகைப் பேசினார். "முதல் கிணறா? அது எங்க கிணறுதாம்மா. வேற எது இருக்க முடியும்? அந்தத் தம்பி இங்கதான் வந்து உக்காந்துக்கினு இருப்பான்" என்று கொல்லைக்கு அழைத்துப்போனார். அவர் கை காட்டிய கிணறுகளையெல்லாம் வாரக்கணக்கில் அளந்தேன். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அளவு நாடாவை இறக்கி, வெயிலில் கறுத்துப்போய், அட்டவணை போட்டு நெறியாளரிடம் கொடுத்தேன்.

எண்கள் அவருக்கு உறுத்தின. பழைய ஏட்டில் கோடையில் வற்றியதாக எழுதியிருந்த கிணற்றில் இப்போது அதே கோடை ஆரம்பத்தில் தண்ணீர் நிறைய நின்றது. நேரில் பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டார். பெரியவர் மறுபடியும் காப்பி கொடுத்தார். நெறியாளர் கிணற்றைச் சுற்றி வந்து, நான் வழக்கமாகக் கையை ஊன்றும் இடத்தில் குனிந்து பார்த்தார். சிமெண்டு ஈரமாக இருக்கும்போது குச்சியால் எழுதிய வருடம் அங்கே இருந்தது. பழைய ஆய்வேடு முடிந்து நெடுநாள் கழித்து வந்த வருடம்.

"ஏம்மா, கிணறு வெட்டறதுக்கு முன்னாடியே இதுல தண்ணி அளந்திருக்காங்களா?" என்றார் நெறியாளர்.

பெரியவர் அசரவில்லை. "பழசு தூர்ந்து போச்சு சார், இது புதுசு. எல்லாம் ஒரே குடும்பத்துக் கிணறுதானே" என்றார். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை அவருக்கு. ஊரில் முதலாவது எதுவானாலும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார்.

நான் மாடியறையில் போய் உட்கார்ந்து அழுதேன். ஏசிக்கு வந்தவர்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அக்கா வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். "நான் சொல்றேன் கேளு. பெருமாள் கோயில்ல தீர்த்தம் குடுக்கறதைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"யாருக்கு முதல்ல, யாருக்கு ரெண்டாவதுன்னு ஒரு வரிசை உண்டு. எங்க குடும்பத்துக்குன்னு ஒரு சின்னக் கோயில் இருக்கு. அங்க முதல் தீர்த்தம் யாருக்குன்னு எங்கப்பாவும் பெரியப்பாவும் பேச்சை விட்டு, ஒரே தெருவுல முகத்தைத் திருப்பிண்டு போவா. அப்பாதான் கடைசியில ஜெயிச்சார். இப்ப அவருக்குத்தான் முதல்ல. ஆனா விடியக்காத்தால கிணத்துலேந்து அந்தத் தீர்த்தத்தைக் குடத்துல தூக்கிண்டு வர்றவர் ஒருத்தர் இருக்காரே, அவருக்கு எப்பக் கிடைக்கும் தெரியுமா? எல்லாருக்கும் ஆனப்பறம், கடைசில. நம்மூர்ல நன்றி எழுதறவாளும் இந்த வரிசையிலதான் எழுதுவா. மேல இருக்கறது மரியாதை. கீழ இருக்கறதுதான் வேலை."

திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார். "மோரும் பயறும் தந்து, கிணற்றில் விழுந்த நாடாவை எடுத்துக் கொடுத்து, வெயிலில் கூடவே நடந்த, திருப்புட்குழிக் கோயிலருகே பயறு வறுக்கும் அம்மாளுக்கும்." அவ்வளவுதான். பேர்கூட இல்லை.

"இவங்க யாருன்னு எப்பிடிக்கா கண்டுபிடிக்கிறது?"

"அதுக்குத்தான் கைடு பேர்" என்று அக்கா விரல்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டார். அந்தப் பழைய ஆய்வாளரின் நெறியாளர் பேரைப் போட்டுத் தேடினார். அவரிடம் பட்டம் பெற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொன்றையும் திறந்து நன்றியுரையின் கீழ்ப்பக்கத்துக்குப் போனார். கோயில் குளங்களைப் பற்றி எழுதிய ஒரு பெண்ணின் ஏட்டில் அதே அம்மாள் இருந்தார். இந்த முறை பேரும், கோயிலுக்கு எந்தப் பக்கத்துத் தெரு என்பதும் இருந்தன. பெண்ணுக்குப் பெண் பேர் கேட்டிருக்கிறாள் பாருங்கள். எனக்கு ஒரே நிமிடத்தில் அழுகை நின்றுவிட்டது.

திருப்புட்குழியில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வேண்டி வரும் பெண்கள் குளித்துவிட்டு, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு கோயிலில் படுப்பார்கள். காலையில் பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. அப்படி வருகிறவர்களுக்குப் பயறு வறுத்துக் கொடுப்பதுதான் அந்த அம்மாளின் பிழைப்பு. அக்கா ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். வழக்கம்போல் பையில் அச்செடுத்த தாள்.

அந்த அம்மாள் அறுபதைத் தாண்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் என் மடியைப் பார்த்து, "எத்தினி வருஷமாச்சுமா கல்யாணமாகி?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றதும் சிரித்துவிட்டார். கிணறு என்று ஆரம்பித்தேன். உடனே முகம் இறுகிவிட்டது. "போர் போடற கம்பெனியா? ஒண்ணியும் வேணாம் போங்க."

அக்கா என்னைக் கையால் அமர்த்திவிட்டு, தாளை எடுத்து அந்தக் கடைசி வரியை நிதானமாகப் படித்தார். இது ஒரு புத்தகத்தில் உங்களைப் பற்றி எழுதியிருப்பது என்று சொன்னார்.

அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னோரு தபா படிமா" என்றார். அக்கா மறுபடி படித்தார். "மோரு கூடவா எழுதிக்கீது?"

"மோரும் இருக்கு, பயறும் இருக்கு. நாடாவை எடுத்துக் குடுத்ததும் இருக்கு."

"ஆமா, ஆமா, கயித்துல கொக்கி கட்டின பாதாளக் கொலுசு போட்டு நாந்தான் எடுத்தேன்" என்று அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருஷமா இது எங்க இருந்துச்சு?"

"லைப்ரரில."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியேமா."

அக்கா தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. அந்த அம்மாளுக்கு எல்லாக் கிணறும் தெரிந்திருந்தது. காரணம் மிக எளிது. "பொம்பளைங்க குளிக்கற கெணறாச்சே. வயசுப்புள்ள தனியா நாடாவத் தூக்கிக்கினு போனா செருப்படிதான் வாங்கும். அதனால நான் முன்னால போய்க் கொரலு குடுப்பேன். எல்லாம் ஒதுங்கிக்கினு போனப்புறம் அந்தத் தம்பி வரும்." ஆய்வேட்டில் வெறும் எண்ணாக இருந்த ஒவ்வொரு கிணற்றுக்கும் அவர் முன்னால் நடந்து குரல் கொடுத்திருக்கிறார். எங்களோடும் நடந்தார். பழக்கதோஷத்தில் இப்போதும் குரல் கொடுத்தார். பல கிணறுகளில் சுண்ணாம்பைச் சுரண்டியதும் சிவப்புப் பெயிண்டில் அந்தப் பழைய எண் தெரிந்தது. வற்றிப்போனவை, மூடிப்போனவை இருந்தன. அதையும் எழுதிக்கொண்டேன், அதுவும் ஆய்வுதானே. ஓரிக்கைப் பக்கம் தூரம் என்பதால் அங்குள்ள கிணறுகளுக்கு அடையாளம் சொல்லித் தன் அக்காள் மகளைத் துணைக்கு அனுப்பினார். முதல் எண் போட்ட கிணறு பெரியவருடையது இல்லை, அவர் வீட்டுக்கு இரண்டு கொல்லை தள்ளி இருந்தது.

பங்குனி முடிவதற்குள் ஏட்டைக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார், "மேப் படிக்க முடியல, எழுதினவர் எங்கன்னு தெரியல. இத்தனை கிணத்த எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நன்றியுரையிலேர்ந்து சார்" என்றேன்.

அவர் நெறியாளரைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தனை வருஷமா தீசிஸ் திருத்தறேன். என் பேர் இருக்கிற வரிக்குக் கீழ நான் படிச்சதே இல்லையே" என்றார். பட்டம் கிடைத்தது. ஆனியில் கல்லூரியில் சேர்ந்தேன். இன்றைக்கு நான் சம்பாதித்துச் சாப்பிடும் சோற்றில் அந்த அக்காவுக்குப் பங்கு இருக்கிறது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அதற்கு முன்னால், ஏட்டில் நன்றியுரை எழுத உட்கார்ந்தபோது எனக்குப் புரட்சி செய்யும் ஆசை வந்தது. பயறு அம்மாளை முதலில் போட்டு, துணைவேந்தரைக் கீழே தள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமா நீ? உங்க கைடு கையெழுத்துப் போட மாட்டார், நீ பங்குனியைத் தாண்டி உக்காந்திருப்பே. வரிசையை ஏன் தொடறே? அது அவாளுக்கு. கீழ முழுசா எழுது. பேர் போடு, தெரு போடு, என்ன பண்ணினான்னு போடு. 'மற்றும் உதவிய அனைவருக்கும்'னு மட்டும் எழுதிடாதே. அதுல யாரும் இருக்க மாட்டா."

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? அந்தக் களஞ்சியத்தில் ஏற்றிய ஏடுகளில் பாதிக்கு மேல் "நூலக ஊழியர்களுக்கும் நன்றி" என்று ஒரு வரி உண்டு. அத்தனையையும் ஸ்கேனரில் கவிழ்த்துவைத்து எடுத்தவர். "ஊழியர்கள்னா அதுல இந்த ஏசியும் சேத்தி" என்று ஒருமுறை சொன்னார். மற்றபடி அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் அவர் சொன்னபடியே எழுதினேன். நிறுவனர் தொடங்கி எல்லோரும் அவரவர் இடத்தில். கீழே பயறு அம்மாள், பேரோடும் தெருவோடும். அவருக்கும் கீழே இன்னொரு பத்தி. அதை அக்காவிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

பட்டம் உறுதியானதும் ஒரு படியைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா வாங்கி, தலைப்பைப் பார்க்காமல், நேராக நன்றியுரையைப் புரட்டினார். கண் கடைசி வரிக்குப் போனது. அங்கிருந்து மேலே ஏறவில்லை. சால்வையின் நுனியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஏசியில எனக்குச் சளி விடறதே இல்லை" என்றார்.

பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். என் கையில் கொடுத்தார். "சாயங்காலம் எங்காத்துக்கு வரியா? எங்கப்பாகிட்ட நீயே படிச்சுக் காட்டு. நான் படிச்சா நம்ப மாட்டார்."

அந்த வாரம்தான் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வாரம் என்பது எனக்குத் தெரியும்.

அவர் அப்பா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். திருமண் கலையாமல், விசிறியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "படிம்மா" என்றார். நான் மேலிருந்து படித்தேன். நிறுவனர் பேருக்குத் தலையசைத்தார். துணைவேந்தர் பேருக்கு "ம்" என்றார். பதிவாளர், துறைத்தலைவர், நெறியாளர் என்று ஒவ்வொரு பேருக்கும் அடுத்தது தன் பெண்தான் என்று எதிர்பார்ப்பது போல விசிறியை நிறுத்தினார், மறுபடி வீசினார். பயறு அம்மாள் வந்ததும், "பயறு வறுக்கறவளா?" என்று புருவத்தைத் தூக்கினார். பிறகு கடைசிப் பத்தியைப் படித்தேன். அவர் பெண்ணின் முழுப்பேர், வேலை, எந்த அறையில் இருக்கிறார் என்பது. "இந்த ஏட்டிலுள்ள கிணறுகளெல்லாம் இவர் காட்டிய வழியில் கிடைத்தவை. இவர் இல்லையென்றால் இந்த ஏடு இல்லை."

அவர் விசிறியை மடியில் வைத்தார். "ரொம்ப நன்னா எழுதியிருக்கேம்மா" என்றார் அவர். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது, அதில் ஒரு முள்ளும் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் முதல் தீர்த்தத்துக்காகப் போராடியவர் அல்லவா. தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார். "ஆனா, இத்தனை பேருக்கும் அப்பறமா? பயறு வறுக்கறவளுக்கும் கீழயா? கடைசியிலயா போட்டிருக்கே?"

உள்ளேயிருந்து காப்பி டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த அக்கா நிலைப்படியிலேயே நின்று, இந்த முறை முழுசாகச் சிரித்தார்.

"ஆமாம்ப்பா, கடைசிதான்" என்றார். "எனக்கு அப்பறம் யாருமே இல்லை."